நாலு நிமிஷத்தில் வளர்ந்த பிள்ளைகள்

வரலாறு படித்தவனிடம் கட்டுரை கேட்டால் சோழர் காலம், கம்பெனி காலம் என்று ஏதாவது எழுதித் தருவான் என்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் அவ்வளவு பழையதல்ல. ஆனாலும் அதற்கு நாற்பது வயதுக்கு மேலாகிவிட்டது. மியூசிக் வீடியோ!

"இதெல்லாம் ஒரு வரலாறா?" என்று நம் பழைய பேராசிரியர்கள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. ஆமாம் ஐயா, இதுவும் வரலாறுதான். 1991-ல் ஸ்டார் டி.வி.யோடு எம்.டி.வி. இந்தியாவுக்குள் வந்தது. 1994-ல் சானல் வி, 1996-ல் எம்.டி.வி. இந்தியா. அந்த வருடங்களில் விடுதியின் பொது அறையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் பலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள். பாட்டின் வார்த்தை பாதி புரியாது. ஆனால் படம் புரிந்தது. வகுப்பறை, கோபக்கார அப்பா, வீட்டை விட்டு ஓடும் பெண், வேலையில்லாமல் காரில் சுற்றும் பையன்கள் - நாடு வேறாக இருந்தாலும் விஷயம் நமக்கும் தெரிந்ததுதானே! ஒரு பிள்ளை எப்படிப் பெரிய மனிதனாகிறது என்பதுதான் அது.

மேல்நாட்டு மியூசிக் வீடியோக்கள் இந்தக் கதையை எப்படிச் சொல்லின, அந்தப் படங்களில் இருந்த நிஜப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

ரேடியோ முன்னால் ஒரு சிறுமி

1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியது. முதலில் போட்ட வீடியோ 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்', அதாவது ரேடியோ நட்சத்திரத்தை வீடியோ தீர்த்துக்கட்டியது என்று அர்த்தம். பகிள்ஸ் என்ற ஆங்கிலக் குழுவின் பாட்டு. ரஸ்ஸல் மல்காஹி 1979-லேயே எடுத்து வைத்திருந்த படம். பின்னாளில் ஹாலிவுட் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற ஹான்ஸ் ஸிம்மர்கூட அதில் ஓர் ஓரத்தில் கீபோர்டோடு நிற்பார்.

அந்த வீடியோ எதில் ஆரம்பிக்கிறது தெரியுமா? ஒரு பழைய ரேடியோ பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணில். ரேடியோ வெடிக்கிறது. பிறகு அந்தக் குழந்தை எதிர்கால உலகத்துக்குள் போய்விடுகிறாள். பாட்டு புதிய கருவி ஒன்று வந்து பழையதை விரட்டியதைப் பற்றியது. படமோ, குழந்தைப் பருவம் போய்விட்டது என்கிறது. பாட்டு ஒன்று சொல்ல, படம் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்லும் இந்த வழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட்டது.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மியூசிக் வீடியோ என்பது இசைத்தட்டு விற்பதற்கான விளம்பரம். காசு போட்டது கம்பெனி. இருப்பது மூன்று, நான்கு நிமிடம். அதற்குள் பத்து வருட வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ஆகவே அவர்கள் சில அடையாளங்களை வைத்துக்கொண்டார்கள். வகுப்பறை என்றால் அடக்குமுறை. சாப்பாட்டு மேஜை என்றால் அப்பாவோடு சண்டை. கார் என்றால் விடுதலை. மூடிய அறைக்கதவு என்றால் தனிமை.

நமக்கு இது புதிதில்லை. அரை டவுசரோடு ஓட ஆரம்பிக்கும் பையன், பாட்டு முடிவதற்குள் மீசையோடு வந்து நிற்பதை நம் தமிழ் சினிமாவில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! ஓடும் கால்களைக் காட்டுவார்கள். காமிரா மேலே ஏறும்போது ஹீரோ முகம் இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் படத்தில் அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரக் கதை இருக்கிறது. மியூசிக் வீடியோவில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மிச்சத்தைப் பார்ப்பவன்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். அவன் தப்பாக நிரப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் பின்னால் பார்க்கப்போகிறோம்.

சுவரில் பாடிய 23 பேர்

கல்லூரி மலரில் 'அனதர் ப்ரிக் இன் த வால்' பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா? பிங்க் ஃப்ளாய்ட் குழு 1979 கடைசியில் வெளியிட்ட பாட்டு. எழுதியவர் ரோஜர் வாட்டர்ஸ். பிள்ளைகளை நசுக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிரான பாட்டு. அதன் வீடியோவில் ஜெரால்ட் ஸ்கார்ஃப் வரைந்த கார்ட்டூன் படங்கள் வரும். பயங்கரமான வாத்தியார் பொம்மை, அணிவகுத்து நடக்கும் சுத்தியல்கள்! 1982-ல் ஆலன் பார்க்கர் எடுத்த 'த வால்' திரைப்படத்தில் இதே பாட்டுக்கு முகமூடி போட்ட மாணவர்கள் வரிசையாகப் போய் ஓர் அரவை இயந்திரத்தில் விழுவார்கள். பிறகு கலகம் செய்து பள்ளியை உடைப்பார்கள், கொளுத்துவார்கள். கடைசியில் பார்த்தால் எல்லாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் பகற்கனவு.

இது படம். நிஜம் என்ன? பாட்டில் கோரஸாகக் கேட்பது லண்டனில் இருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகளின் குரல். ஆலன் ரென்ஷா என்ற இசை ஆசிரியர் 23 மாணவர்களைப் பக்கத்திலிருந்த ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். அந்த 23 பேரின் குரலையே பல தடவை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவுசெய்து பெரிய கூட்டம் பாடுவது போல ஆக்கினார்கள். பள்ளிக்கு 1,000 பவுண்டு கிடைத்தது. பாட்டின் வரிகளைக் கேட்ட பிறகு தலைமை ஆசிரியை, பிள்ளைகள் டி.வி.யிலோ வீடியோவிலோ தோன்றக் கூடாது என்று தடுத்துவிட்டார். ஆக, குரல் அவர்களுடையது. படத்தில் இருந்த முகம் வேறு யாருடையதோ.

ஆசிரியர்களை எதிர்த்துப் பிள்ளைகள் பாடிய பாட்டு என்று உலகமே நினைத்தது. பிள்ளைகளைப் பாட அழைத்துப் போனவரே ஓர் ஆசிரியர்தான் என்பது எவ்வளவு பேருக்குத் தெரியும்? நம் எல்லோர் வாழ்க்கையிலும் அந்த மாதிரி ஓர் ஆசிரியர் இருந்திருப்பார். பாடத்துக்கு வெளியே ஒரு கதவைத் திறந்துவிட்டு, அதற்கு மேலிடத்தில் பாட்டும் வாங்கிக்கொண்டவர்!

பாட்டு தென் ஆப்பிரிக்காவுக்கும் போனது. 1980-ல் அங்கே இனவெறிக் கல்வி முறையை எதிர்த்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தபோது இந்தப் பாட்டைப் பாடினார்கள். அரசு அதைத் தடை செய்தது. லண்டனில் அது ஒரு பகற்கனவு. தென் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு அது அடியும் சிறையும் வாங்கித்தரக்கூடிய விஷயம். ஒரே பாட்டுதான், வளர்ந்த ஊர்தான் வேறு.

இஸ்லிங்டன் பிள்ளைகள் கதை அத்தோடு முடியவில்லை. 2004-ல், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த சில பழைய மாணவர்கள், பதிவில் பாடியவர்கள் என்ற முறையில் தங்களுக்குச் சேரவேண்டிய பங்கைக் கேட்டார்கள். ஆனால் வீடியோவில் அவர்கள் முகமே இல்லை! அந்தக் குரல் தங்களுடையதுதான் என்று நிரூபிக்க அவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பழைய மாணவர் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அப்பா மேஜைக்கு எதிரில்

1984-ல் ட்விஸ்டட் ஸிஸ்டர் என்ற குழு 'வீ ஆர் நாட் கோனா டேக் இட்' என்ற வீடியோவை வெளியிட்டது. இயக்கியவர் மார்ட்டி கால்னர். அறையில் கிதார் வாசிக்கும் மகனைப் பார்த்து அப்பா கத்து கத்து என்று கத்துகிறார். பையன் ஒரு சுற்றுச் சுற்றுகிறான். அடுத்த நொடி பாடகர் டீ ஸ்னைடராக மாறி நிற்கிறான். நம்ம சினிமா ஓட்டம் மாதிரியேதான்! பிறகு வீடு முழுக்க அப்பாவுக்கு அடி. சுவர் உடைகிறது, மாடியிலிருந்து விழுகிறார். மறுபடி எழுந்து வருகிறார்.

இது வன்முறை என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. வாஷிங்டனில் அரசியல் தலைவர்களின் மனைவிமார் சிலர் சேர்ந்து 1985-ல் ஒரு பெற்றோர் அமைப்பை ஆரம்பித்தார்கள். பின்னாளில் துணை ஜனாதிபதியான அல் கோரின் மனைவி டிப்பர் கோர் அதில் முக்கியமானவர். 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. தலைவிரி கோலமாக ஸ்னைடர் வந்து உட்கார்ந்தார். தனக்கு முப்பது வயது, கல்யாணமானவன், மூன்று வயதில் மகன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, வீடியோவில் அப்பா படும் பாடெல்லாம் 'ரோட் ரன்னர்' கார்ட்டூனிலிருந்து எடுத்தவை என்றும் விளக்கினார்.

அதாவது, அப்பாவை எதிர்க்கும் மகனாக ஊர் பார்த்த ஆள், வீட்டில் ஓர் அப்பா! விசாரணையை ஒட்டி இசைத்தட்டு உறைகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் வந்தது. பையன்கள் அந்த ஸ்டிக்கர் இருக்கும் தட்டையே தேடி வாங்கியிருப்பார்கள் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

அடுத்த வருடம், 1986-ல், மடோனாவின் 'பாப்பா டோன்ட் ப்ரீச்' வந்தது. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான ஓர் இளம்பெண் அப்பாவிடம் அதைச் சொல்லும் பாட்டு. அப்பாவாக நடித்தவர் டேனி ஐயெல்லோ. இயக்கம் ஜேம்ஸ் ஃபோலி. இந்தப் பாட்டை எழுதிய ப்ரையன் எலியட்டின் ஸ்டுடியோ ஜன்னல் கண்ணாடி, வெளியிலிருந்து பார்த்தால் முகம் தெரியும் வகை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதன் முன் நின்று தலைவாரிக்கொண்டு பேசுவதைக் கேட்டுத்தான் எழுதினாராம்.

வீடியோவில் மடோனா இரண்டு வேஷத்தில் வருவார். ஒன்று, முடி வெட்டிக்கொண்டு சாதாரண உடையில் தயங்கித் தயங்கி வீட்டுக்கு நடக்கும் பெண். இன்னொன்று, இருட்டில் கறுப்பு உடையில் ஆடும் நட்சத்திரம். அப்போது அவருக்கு வயது 27. சிறுமியாக நடிக்கும்போதே 'நான் சிறுமி இல்லை' என்றும் காட்டிவிட்டார். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த அப்பாதான். இவர் கத்தவில்லை. எழுந்து போய்விடுகிறார். தனியாக உட்கார்ந்து யோசிக்கிறார். கடைசியில் வந்து மகளைக் கட்டிக்கொள்கிறார். நான் பார்த்த அளவில் இந்த வீடியோக்களில் பெற்றவரும் வளர்வதாகக் காட்டியவை ரொம்பக் குறைவு. இது ஒன்று.

மைதானத்திலிருந்து வகுப்பறைக்கு

1991-ல் நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வந்தது. இயக்குநர் சாமுவேல் பேயர். ஒரு பள்ளிக்கூட உள்விளையாட்டரங்கம் போன்ற செட். மங்கிய மஞ்சள் வெளிச்சம், புகை, கறுப்பு உடையில் உற்சாகமூட்டும் பெண்கள், துடைப்பத்தோடு ஒரு துப்புரவுத் தொழிலாளி. காலரியில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் ரசிகர்கள். நாள் முழுக்க அவர்களை அசையாமல் உட்கார வைத்துப் படமெடுத்ததில் அலுத்துப்போயிருந்தார்கள். கடைசியில் கர்ட் கோபேன் கேட்டுக்கொண்டதன் பேரில் இயக்குநர் அவர்களைக் கீழே இறங்கி ஆட விட்டார். செட்டை உடைத்தே விட்டார்கள். அந்த வீடியோவின் கடைசிக் காட்சிகளில் தெரியும் கோபம் நடிப்பல்ல. ஏழெட்டு மணி நேரம் 'சும்மா உட்கார்' என்று சொல்லப்பட்டவர்களின் கோபம்.

அடுத்த வருடம் வந்தது 'ஜெரமி'. பேர்ல் ஜாம் குழுவின் பாட்டு. 1991 ஜனவரியில் டெக்ஸஸ் மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவன் வகுப்பிலேயே, சக மாணவர்கள் கண்ணெதிரில், தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பத்திரிகையில் அதைப் பற்றி வந்த ஒரு சின்னச் செய்தியைப் படித்துவிட்டுப் பாடகர் எடி வெட்டர் எழுதியது இது. வீட்டில் யாரும் காது கொடுக்காத, பள்ளியில் கேலிக்கு ஆளான பையனாக மார்க் பெல்லிங்டன் அவனைப் படம் பிடித்தார். சுற்றிலும் ஆட்கள், எல்லோரும் பொம்மை மாதிரி உறைந்து நிற்பார்கள். நடமாடுவது அவன் ஒருவன்தான். தனிமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கடைசிக் காட்சியில் துப்பாக்கி தெரியக்கூடாது என்று எம்.டி.வி. வெட்டச் சொன்னது. வெட்டினார்கள். விளைவு? ரத்தம் தெறித்த சட்டையோடு உறைந்து நிற்கும் மாணவர்கள் மட்டுமே தெரிந்தார்கள். பார்த்தவர்களில் பலர், அந்தப் பையன் மற்றவர்களைச் சுட்டுவிட்டான் என்று புரிந்துகொண்டார்கள்! உயிரை விட்டவன் கொலைகாரன் ஆனான். 1993-ல் எம்.டி.வி.யின் அந்த வருடத்துச் சிறந்த வீடியோ பரிசு அதற்கே கிடைத்தது. ஆனால் அந்தக் குழு 1998 வரை வழக்கமான மியூசிக் வீடியோ எதையும் எடுக்கவில்லை. வெட்டாத வடிவத்தை 2020-ல்தான் வெளியிட்டார்கள். நாலு நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார்ப்பவன் நிரப்பிக்கொள்கிறான் என்று சொன்னேனே, அதன் ஆபத்து இதுதான்.

காணாமல் போனவர்கள்

சோல் அசைலம் குழுவின் 'ரன்அவே ட்ரெய்ன்' வீடியோவை 1993-ல் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாட்டை எழுதிய டேவ் பிர்னர் தன் மனச்சோர்வைப் பற்றித்தான் எழுதியிருந்தார். இயக்குநர் டோனி கே வேறு ஒன்று செய்தார். வீட்டைவிட்டு ஓடிய, காணாமல் போன பிள்ளைகளின் நிஜப் புகைப்படங்களைப் பெயரோடும், காணாமல் போன வருடத்தோடும் வீடியோவில் போட்டார். அமெரிக்காவுக்கு ஒன்று, பிரிட்டனுக்கு ஒன்று என்று வேறு வேறு முகங்களோடு பல பதிப்புகள் தயாராயின. ஒரு மனிதனின் மனக்கஷ்டம் ஊர்ப்பிள்ளைகளின் கதையானது.

சில பிள்ளைகள் கிடைத்தார்கள். சிலர் முன்பே கொல்லப்பட்டிருந்தது பல வருடங்கள் கழித்துத் தெரியவந்தது. ஒரு பெண் வீடியோவில் தன் படத்தையே பார்த்தாளாம். அதனால் கண்டுபிடிக்கப்பட்டு, எந்த வீட்டிலிருந்து தப்பி வந்தாளோ அங்கேயே திரும்ப நேர்ந்தது. தன் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டீர்கள் என்று குழுவினரிடமே சொன்னாள் என்று கிதார் கலைஞர் டான் மர்ஃபி பின்னாளில் ஒரு பேட்டியில் கூறினார்.

இந்தத் தகவலைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. நல்ல எண்ணத்தில் செய்த காரியம். 'பிள்ளை வீடு திரும்பினால் சுபம்' என்று நினைத்தது நியாயம்தான். ஆனால் வீடு எப்படிப்பட்ட வீடு என்று படத்துக்குத் தெரியாதே! மற்ற வீடியோக்களில் வீட்டை விட்டுப் போவது விடுதலை என்று காட்டினார்கள். இதில் திரும்புவது விடுதலை என்று காட்டினார்கள். இரண்டையுமே பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டால்தான் தெரியும்.

மணி அடித்ததும்

1998-ல் ப்ரிட்னி ஸ்பியர்ஸின் முதல் வீடியோ '...பேபி ஒன் மோர் டைம்'. படமெடுத்த இடம் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள வெனிஸ் உயர்நிலைப் பள்ளி. இயக்குநர் நைஜல் டிக். வகுப்பில் சலித்துப்போய் பென்சிலைத் தட்டிக்கொண்டிருக்கும் மாணவி. மணி அடிக்கிறது. வராந்தா முழுக்க ஆட்டம். கடைசியில் மறுபடி வகுப்பறை, அதுவும் பகற்கனவுதான்! 'த வால்' படத்துப் பையனின் கனவில் பள்ளி எரிந்தது. பதினாறு வருடம் கழித்து வந்த இந்தப் பெண்ணின் கனவில் பள்ளி ஆட்ட மேடையானது. ஒரு தலைமுறையின் கோபம் அடுத்த தலைமுறையில் விற்பனைச் சரக்கானது என்று இதை வைத்துச் சொன்னால் தப்பில்லை.

அப்போது ப்ரிட்னிக்கு வயது 16. பாட்டை எழுதியவர் மாக்ஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன்காரர், வயது 27. பள்ளிச் சீருடை யோசனை ப்ரிட்னியுடையதே என்று சொல்வார்கள். இருந்தாலும் சிறுமியும் பெண்ணுமாக ஒரே சட்டத்துக்குள் அவரை நிறுத்தி உலகம் முழுக்க விற்றது யார் என்று கேட்கத்தானே வேண்டும்?

பின்கதை உங்களுக்குத் தெரியும். 2008-ல், அவருக்கு 26 வயதாக இருந்தபோது, கலிஃபோர்னியா நீதிமன்றம் அவரைத் தந்தையின் பாதுகாவலில் வைத்தது. சொந்தப் பணத்தைச் செலவழிக்கவும் சொந்த முடிவுகளை எடுக்கவும் அவருக்கு உரிமை இல்லை. ஆனால் அதே காலத்தில் அவர் புது இசைத்தட்டுகள் வெளியிட்டார். லாஸ் வேகாஸில் வருடக்கணக்கில் மேடை ஏறினார். உழைக்க வயதாகிவிட்டது, சம்பாதித்ததைக் கையாள மட்டும் வயதாகவில்லை! 2021 நவம்பர் 12-ஆம் தேதிதான் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. அப்போது அவருக்கு நாற்பது நிறைய மூன்று வாரம் இருந்தது. பதினாறு வயதில் 'வளர்ந்துவிட்டாள்' என்று வீடியோ காட்டிய பெண், சட்டப்படி முழுசாகப் பெரியவளாக மறுபடி அனுமதி வாங்க அவ்வளவு காலம் பிடித்தது.

திரும்பிப் பார்க்கும் படங்கள்

எல்லா வீடியோவும் சண்டையும் சோகமும் இல்லை. 1996-ல் வந்த ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் '1979' இன்னும் என் மனசுக்கு நெருக்கமானது. அந்த வருடத்தில் பாடகர் பில்லி கார்கனுக்கு 12 வயது. படத்தில் நாலைந்து பையன்களும் பெண்களும் ஒரு பழைய காரில் ஊரைச் சுற்றுகிறார்கள். ஒரு வீட்டில் பார்ட்டி, ஒரு கடையில் கலாட்டா. அவ்வளவுதான். பெரிய சம்பவம் ஒன்றும் நடக்காது. ஜானதன் டேட்டன், வாலரி ஃபாரிஸ் என்ற தம்பதி இயக்கியது. படமெடுத்த நாடாக்களைக் கார் கூரைமேல் வைத்து மறந்து வண்டியை ஓட்டிப்போய்த் தொலைத்துவிட்டு, பார்ட்டி காட்சியை மறுபடி எடுத்தார்களாம்! 1998-ல் 'பெர்ஃபெக்ட்' வீடியோவில் அதே நடிகர்களில் பெரும்பாலோரை வைத்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்றும் காட்டினார்கள். 'பின்கதை என்ன?' என்று வீடியோவே கேட்டுக்கொண்டது அபூர்வம்.

நம் பக்கம் 2004-ல் சேரனின் 'ஆட்டோகிராஃப்' இந்தத் திரும்பிப் பார்க்கும் வேலையைச் செய்தது. கல்யாணப் பத்திரிகையோடு பழைய ஊர்களுக்குப் போகிறவனின் கதை அது. இம்மாதிரி சந்திப்புகளில் அதன் பாட்டு ஒலிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

டென்மார்க்கின் லூகாஸ் கிரஹாம் குழு 2015-ல் வெளியிட்ட 'செவன் இயர்ஸ்' ஏழு வயதிலிருந்து அறுபது வரை வயது வயதாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பாடகரின் அப்பா 2012-ல் 61 வயதில் இறந்துவிட்டார். கணக்கு ஏன் அறுபதில் நிற்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

2010-ல் ஆர்கேட் ஃபயர் குழுவுக்காக கிரிஸ் மில்க் செய்த 'த வைல்டர்னஸ் டவுன்டவுன்' இன்னும் ஒரு படி மேலே போனது. கம்ப்யூட்டரில் பார்ப்பவர் தான் வளர்ந்த வீட்டு விலாசத்தைத் தட்ட வேண்டும். ஒருவன் ஓடுகிறான், கூகுள் வரைபடத்தின் உதவியால் அவன் ஓடி வந்து சேரும் தெரு நம் தெருவாகவே இருக்கும். நடுவில், அங்கே வாழ்ந்த அந்தச் சின்ன வயது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று கேட்கும். யாரோ ஒரு நடிகர் நமக்காக வளர்ந்துகொண்டிருந்த காலம் போய், பார்ப்பவரின் சொந்தத் தெருவே படத்துக்குள் வந்தது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

இதையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். மியூசிக் வீடியோ வளர்ச்சியை ஒரு நொடியாகக் காட்டுகிறது. ஒரு சுற்று, ஒரு மணியோசை, ஒரு கார் கிளம்பும் சத்தம். வாழ்க்கையில் அது வருடக்கணக்கில் நடக்கிறது. இஸ்லிங்டன் பிள்ளைகள் தங்கள் குரலை உரிமை கொண்டாட இருபத்தைந்து வருடம் ஆனது. ப்ரிட்னிக்கு இருபத்து மூன்று வருடம். அவர்கள் வளர்ந்த கதை வீடியோ முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது.

2005-ல் யூடியூப் வந்த பிறகு படம் எடுக்கக் கம்பெனி தேவையில்லை என்றாகிவிட்டது. இன்று கல்லூரியில் படிக்கும் நீங்கள் கையில் இருக்கும் போனிலேயே எடுத்து, பாட்டுப் போட்டு, அரை நிமிஷத்தில் உலகத்துக்கே காட்டிவிடுகிறீர்கள். கல்லூரியின் முதல் நாள், கடைசி நாள், நண்பன் அழுதது, எல்லாம். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் வரலாறு படித்தவன் என்ற முறையில் மூன்று கேள்விகளை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். குரல் யாருடையது? படத்தில் இருக்கும் முகம் யாருடையது, அவரைக் கேட்டீர்களா? இதனால் லாபம் யாருக்கு?

பழைய நண்பர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இந்தச் சந்திப்பில் யாராவது வராமல் போயிருந்தால் தேடிப் பாருங்கள். 23 பேரில் ஒருவர் குறைந்தாலும் கோரஸ் கோரஸாக இருக்காது.